மூத்தவளின் வீடு

மருதமுனை,
18 ஜூன் 2023

அன்புத் தம்பி பர்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் அஸ்னாவும் சின்னவனும் றஹ்மானின் காவலில் நல்லபடி இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் உன் மச்சானுக்கும் நுஸ்ஹாவுக்கும் ஒரு குறையும் இல்லை. மூத்தவள் ஸப்னாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, ராத்தாவுக்கு மூளை பிசகிவிட்டதா என்று சிரிப்பாய். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் ஸப்னாவின் கையில். எனக்கு வரும் வாட்ஸ்அப்பையும் அவள்தான் வாசித்துச் சொல்கிறாள். நான் கொஞ்சம் குரலைத் தணித்தால் போதும், "ஆரோட கதைக்கிறீங்க உம்மா, என்னப் பத்தியா?" என்று பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால் தபால்தான் சரி. நீயும் வீட்டு முகவரிக்கு எழுதாதே. நதீராவின் தையல் கடை முகவரியைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் வாய் திறக்காத மனுசி.

மஹரகமை ஆஸ்பத்திரியில் எலும்பைத் துளைத்து எடுத்துப் பார்த்ததில் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எலும்புப் புற்றுநோய்தான். வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாம். கீமோ தொடங்கிவிட்டார்கள். வாட்டில் ஒரு டாக்டர் வந்து, எடுத்த எலும்பில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று அவளைக் கேட்டார். கட்டியில் இருக்கும் புரதத்தைப் பார்த்து, எப்படிப்பட்ட நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்று தேடுகிற ஆராய்ச்சியாம். இவள் யோசிக்கவே இல்லை, கையெழுத்தை வைத்துவிட்டாள். தாளை வாங்கிப் பார்த்தால் கண்டியில் நீ வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் பெயர்!

அல்லாஹ் உன்னை அங்கே கொண்டுபோய் வைத்தது சும்மா இல்லை தம்பி. அவளுடைய துண்டைப் பார்த்து எனக்கு மட்டும் ஒரு வரி எழுது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. பிழைப்பாளா, இல்லையா? வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

சின்னவனை எனக்காக ஒரு தரம் தூக்கிக் கொஞ்சு.

ராத்தா றபீக்கா


கண்டி,
27 ஜூன் 2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். சின்னவனுக்குச் சளி, அஸ்னாவுக்கு அவனால் தூக்கமில்லை. மற்றப்படி சுகம். பெருநாளைக்கு வர நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை ராத்தா. நான் அங்கே சாயம் போடுகிறவன். கட்டியை வெங்காயத் தோல் அளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, எஸ்ரின் என்கிற புரதம் உள்ள இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் பிடிக்கும்படி செய்வது என் வேலை. அந்தப் புரதம் கூடுதலாக உள்ள கட்டிகள் நுரையீரலுக்குப் பரவ இடம் அதிகம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நிறத்தைப் பார்த்துப் புள்ளி போடுவது இரண்டு டாக்டர்மார், ஒருவர் போட்டதை மற்றவர் பாராமல். கண்ணாடியில் பெயர் இராது, இலக்கம்தான் இருக்கும். ஆருடையது என்று தெரிந்தால் பார்க்கிற கண் சாய்ந்துவிடும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அதனால் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்து மருந்தை மாற்றுவதில்லை. ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னீர்களே, அதுதான் இப்போதைக்குப் பெரிய செய்தி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு என் ஸலாம். ஸப்னாவுக்கு வாய்ப்புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பர்ஸான்


மருதமுனை,
22 ஜூலை 2023

தம்பி பர்ஸானுக்கு,

ஸலாம். சின்னவனின் சளி வற்றியதா? கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறு கொடுக்கச் சொல் அஸ்னாவிடம். நாங்கள் இருக்கிறோம்.

ஸப்னாவின் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. நுஸ்ஹா குசினிக்குள் போய் ஒளிந்து அழுதாள். இவள், "விடுகா, இனி ஷாம்பு முழுக்க உனக்குத்தானே" என்று அவளைச் சிரிக்க வைக்கிறாள். கீமோ ஏற்றிய கிழமை ஒரு சோற்றுப் பருக்கை உள்ளே போகாது. உன் மச்சான் தன் மீன் வாடிக்கு வரும் நல்ல மீனையெல்லாம் விற்காமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவள் மணம் பிடித்ததும் ஓங்காளிக்கிறாள். அவர் மீனோடு திரும்பிப் போகிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இன்னொரு கதை. சாய்ந்தமருது நபீஸா தன் மகன் றமீஸுக்கு நம் நுஸ்ஹாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறா. தங்கமான பொடியன், கல்முனையில் கடை வைத்திருக்கிறான். நம் ஊர் நடைமுறை உனக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கலியாணம் இல்லை, மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு வீடு. அது மூத்தவளுக்கு என்று அவள் தவழும்போதே சொல்லிவிட்டோம், ஊருக்கே தெரியும். நபீஸா நோன்புக்கு முன்னர் கலியாணத்தை முடிக்க வேண்டும் என்கிறா. நான் என்ன சொல்ல?

இலக்கம், இலக்கம் என்று எழுதினாய். வயது எழுதியிருக்காதா? ஆணா பெண்ணா, எந்த எலும்பு என்று ஓரிடத்திலும் இராதா? நீ மனம் வைத்தால் முடியும். என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை நீ, எனக்கு மறைப்பாயா?

றபீக்கா


கண்டி,
30 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

பெரஹரா ஊர்வலம் நடப்பதால் கண்டியில் சனம் அள்ளுண்டு போகிறது. வேலைக்குப் போய்வருவதே பெரிய பாடு. சின்னவனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. யானையைக் கண்டால் பயமில்லை, மேளத்தைக் கேட்டால்தான் வீரிடுகிறான். மழையும் இடைக்கிடை. அஸ்னாவின் உம்மா வந்து நிற்கிறா.

ஸப்னா குடிப்பதற்கு ஒரு சத்து மா அனுப்புகிறேன், பாலில் கரைத்துக் கொடுங்கள். மணமில்லை, ஓங்காளம் வராது.

எல்லோருக்கும் ஸலாம் சொல்லுங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பர்ஸான்


மருதமுனை,
9 செப்டம்பர் 2023

தம்பிக்கு,

ஸலாம். மா கிடைத்தது. குடிக்கிறாள்.

உன் கடிதத்தை நதீராவின் கடையில் நின்றே வாசித்தேன். யானை எழுதினாய், மேளம் எழுதினாய், மாமியார் வந்ததை எழுதினாய். நான் கேட்ட ஒன்றை மட்டும் எழுதவில்லை. போன தரம் தெரியாது என்று எழுதினவன், இந்தத் தரம் அதைக்கூட எழுதவில்லை. எனக்கு விளங்கிவிட்டது பர்ஸான். நதீரா கதிரையைத் தள்ளித் தந்தாள், அதில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். உன்னை நான் ஏசவில்லை.

அழுதுகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு. உன் மச்சானுக்கு முதுகு முறிந்துவிட்டது, இன்னொரு வீடு கட்ட அவரால் ஏலாது. அந்தப் பிள்ளை இருக்காது என்றால் இந்தப் பிள்ளையையும் நான் கரையில் நிறுத்தவா? நபீஸாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். வீட்டை நுஸ்ஹாவின் பேருக்கு எழுதப்போகிறோம். ஸப்னா இந்த மாதக் கீமோவுக்கு வாப்பாவின் தங்கச்சியோடு மஹரகமைக்குப் போகும் கிழமையில் உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசை வரச் சொல்லியிருக்கிறேன். அவள் இருக்கும்போது என்னால் முடியாது.

அவளுடைய காலை எடுக்காமல் முடியாது என்கிறார்கள், ஒப்பரேஷன் அடுத்த மாதம். துஆச் செய்.

றபீக்கா


கண்டி,
16 செப்டம்பர் 2023

ராத்தா,

ஸலாம். உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. உடனே போன் எடுத்தேன். ஸப்னாதான் தூக்கினாள். "உம்மா குசினிக்குள்ள மாமா, குடுக்கவா? என்ன விசயம்?" என்றாள். சும்மா எடுத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுகாவும் எடுத்தேன், மறுகாவும் அவள்தான்.

வீட்டை எழுத வேண்டாம் ராத்தா. தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஓம், பார்த்தேன். நீங்கள் கேட்ட பிறகு பதிவைத் திறந்தேன். அந்தக் காலத்தில் வந்தவற்றில் இருபத்திரண்டு வயதுப் பெண், வலது முழங்காலுக்குக் கீழ், ஒன்றே ஒன்றுதான். கண்ணாடியை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கடும் பழுப்பு. அதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் யானையை எழுதினேன். அது என் பிழை.

ஆனால் அதற்கு அர்த்தம் பிள்ளை இருக்காது என்பதல்ல. அந்த நிறம் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், கூட்டத்துக்குள் நிற்கும் ஓர் ஆளைப் பற்றிச் சொல்லாது. காலை எடுத்த பிறகு, கீமோவால் கட்டியில் எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதைத்தான் டாக்டர்மார் பெரிதாக எடுப்பார்கள். அதுவரைக்கும் பொறுங்கள்.

பதில் போடுங்கள்.

பர்ஸான்


மருதமுனை,
28 அக்டோபர் 2023

தம்பி பர்ஸானுக்கு,

ஸலாம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஆஸ்பத்திரி.

காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் இல்லாத பாதம் கடிக்கிறது, சொறிந்துவிடுங்கள் உம்மா என்றாள். நான் கட்டில் விரிப்பைச் சொறிந்தேன். இப்போது ஊன்றுகோலோடு கிணற்றடி மட்டும் போய்வருகிறாள்.

எடுத்த எலும்பைப் பார்த்து, கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நல்ல செய்தி என்று கைபிடித்துச் சொன்னார். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். சொல்லும்போதே எழுதிக்கொடுத்த வீடு நினைவுக்கு வந்தது.

உன் கடிதம் வரும்போது உறுதி எழுதி முடிந்திருந்தது தம்பி. நபீஸாவின் ஆட்கள் எல்லோரும் வந்த சபையில், பள்ளிவாசல் மரைக்கார்மார் முன்னால் உன் மச்சான் சொல் கொடுத்துவிட்டார். இப்போது சொல்லிலிருந்து கிறுகினால் நுஸ்ஹாவின் கலியாணம் முறியும். ஒரு பிள்ளைக்குச் செய்ததை மற்றப் பிள்ளையிடமிருந்து எப்படிப் பறிப்பது? ஸப்னாவுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே பார்த்துக்கொள்வேன்.

சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டானா?

றபீக்கா


மருதமுனை,
4 டிசம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகள் ஸப்னா. மாமி, சின்னவன் எல்லோரும் சுகமா? நானும் சுகம்தான், கால் போனதைத் தவிர. கடிதத்தில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று நதீரா மாமி சொல்லித் தந்தா.

போனில் கேட்டால் உங்கள் குரலைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை றமீஸின் உம்மா வந்தா. என் அறைக்குள் வந்து சுவருக்குச் சுவர் கையால் அளந்து பார்த்து, "அலுமாரி இஞ்ச புடிக்கும், கட்டில அந்தப் பக்கம் கிறுக்கிப் போட்டாச் சரி" என்றா. நான் அந்தக் கட்டிலில்தான் இருந்தேன். நான் யாரோ ஒரு விருந்தாளி என்ற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தா. அவ போனபிறகு உம்மாவிடம், "இந்த வீடு எனக்கெண்டுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். உம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அப்ப எனக்கு எங்க வீடு?" என்றேன். உம்மா களைந்த அரிசியை மறுபடியும் களைந்தா.

மூத்தவள் இருக்க இளையவளுக்கு வீடெழுதினால் இந்த ஊரில் அதற்கு ஒரு அர்த்தம்தான் மாமா. டாக்டர் என் முகத்துக்கு நேரே நல்ல செய்தி என்றார். என் வீடு வேறு செய்தி சொல்கிறது. இரவு முழுக்க நுஸ்ஹா என் கட்டிலடியில் இருந்து, "எனக்கு இந்தக் கலியாணம் வேணாம் ராத்தா" என்று அழுதாள். அவளுக்கு அந்தப் பொடியனைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேசாமல் படுகா என்று ஏசினேன். உம்மா விடியத்தான் வாயைத் திறந்தா. மாமா பார்த்தாராம், நிறம் கடுமையாம், யானைக் கதை எழுதி மறைத்தாராம்.

அது என்ட எலும்பு மாமா. தாளில் கையெழுத்து வைத்தது நான். உம்மாவுக்குத் தெரியும், வாப்பாவுக்குத் தெரியும், தையல் கடைக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கோபம் கோபமாக வருகிறது. நீங்கள் பார்த்ததை எனக்கு ஒளிக்காமல் எழுதுங்கள். யானைக் கதை வேண்டாம்.

மருமகள் ஸப்னா


கண்டி,
14 டிசம்பர் 2023

மகள் ஸப்னாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். உன் கோபம் சரி. இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசித்தாலும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாலும் உன் விருப்பம்.

முதலில், எங்கள் பெரிய டாக்டரிடம் போய், இன்ன இலக்கத்தை இன்னார் என்று அடையாளம் கண்டுவிட்டேன் என்று சொன்னேன். நல்லாய் ஏச்சு வாங்கினேன். உன் துண்டை இனி நான் தொடக்கூடாது. பிறகு உன் கடிதத்தைச் சொன்னேன். "தாய்க்குச் சொன்னது பிழை, அந்தப் பிள்ளைக்கு இனி ஒளிச்சா அதைவிடப் பிழை" என்றா.

உன் கட்டியில் எஸ்ரின் என்ற புரதம் கடுமையாகத்தான் இருக்கிறது. அப்படி உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை மறுபக்கமும் நிறுத்திப் பார்த்த ஆராய்ச்சிகளில், உன் பக்கத்தில் நின்றவர்கள் பலர் முந்திப் போயிருக்கிறார்கள். அதே பக்கத்தில் நின்று வருசக்கணக்காகக் கிளினிக்குக்கு வந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் நீ யார் என்று சாயத்துக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரிச் சொல்வதும் இல்லை. அதனால்தான் இது இன்னும் ஆராய்ச்சியாக இருக்கிறது.

கீமோவுக்கு உன் கட்டி செத்த விதம் நல்லது. தொண்ணூறுக்கு மேலே என்றால் டாக்டர்மார் சந்தோசப்படுவார்கள். நுரையீரலும் சுத்தம். முதல் இரண்டு மூன்று வருசம்தான் திரும்பி வரும் பயம் கூடுதல். அதற்குள் ஒரு ஸ்கேனையும் தவறவிடாதே. பிழைப்பாய் என்று வாக்குத் தர எனக்கு வழியில்லை மகள். மாட்டாய் என்று சொல்லவும் வழியில்லை. நான் வாய் மூடி இருந்ததை உம்மா தீர்ப்பாக எடுத்துக்கொண்டா. அவவில் கோபிக்காதே, என்னில் கோபி.

நுஸ்ஹாவுக்கும் ஸலாம் சொல். மீன் சாப்பிட முடிகிறதா?

மாமா பர்ஸான்


மருதமுனை,
21 ஜனவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமா? இங்கே மழை விட்டுவிட்டது. கீமோ இன்னும் ஒரு தரம் இருக்கிறது. பொரித்த கீரி மீன் சாப்பிட்டேன், வாப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். முதல் தரம் அழுதேன். பிறகு இராச்சோறு முடிய எல்லோரையும் இருக்க வைத்து உரக்க வாசித்தேன். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. வாசித்து முடித்துச் சொன்னேன்: "நுஸ்ஹாட வீடு நுஸ்ஹாவுக்கே இரிக்கட்டும். அதுல கை வைக்க வேணாம். பின்வளவு சும்மாதானே கிடக்கு? அதுல எனக்கொரு வீடு கட்டுங்க."

உம்மா பதறிப்போய், "அவசரமில்ல மகள், முதல்ல சுகமாகு, மறுகா பாப்பம்" என்றா. "ஆருக்கும் தெரியாதெண்டு மாமாவே எழுதியிரிக்கார். தெரியாட்டி நான் மௌத்தாகுவன் எண்டு நினைச்சு வீட்ட எழுத உங்களுக்கு ஏலும், இருப்பன் எண்டு நினைச்சு ஒரு வீட்டக் கட்ட ஏலாதா?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். உம்மா எழுந்து போய்விட்டா.

வாப்பாதான் அடுத்தநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து, வாடியில் கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். "ஒரு நுனியப் புடி மகள்" என்றார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கயிறு. இரண்டு பேரும் அளந்தோம். படி வைக்க வேண்டாம், சரிவாக விடுங்கள் என்றேன். குசினி மேடை நான் கதிரையில் இருந்து சமைக்கிற உயரத்துக்கு வேண்டும் என்றேன். இரண்டு அறை சின்னதாகப் போதும். ஒன்று எனக்கு, ஒன்று உம்மாவுக்கும் வாப்பாவுக்கும். நுஸ்ஹா மாப்பிள்ளையோடு இருக்கும் வீட்டில் அவர்கள் எத்தனை நாளைக்கு இருப்பது?

கலியாணத்துக்குக் கட்டாயம் வாருங்கள்.

ஸப்னா


மருதமுனை,
5 மே 2024

அன்புத் தம்பி பர்ஸானுக்கு,

ஸலாம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க என் துஆ. கலியாணத்துக்கு வந்து நீ சாப்பிடாமல் ஓடினதை நபீஸா இன்னும் சொல்லிக் காட்டுகிறா. இங்கே நுஸ்ஹாவும் மாப்பிள்ளையும் சந்தோசமாக இருக்கிறார்கள். இனி நதீராவின் கடைக்கு எழுத வேண்டாம், வீட்டுக்கே எழுது.

போன கிழமை ஸ்கேன். நுரையீரல் சுத்தம். அடுத்தது மூன்று மாதத்தில். ஒவ்வொரு தரமும் தாள் கைக்கு வரும் மட்டும் நான் ஓதிக்கொண்டே இருப்பேன். இனி எல்லாத் தாளையும் அவள்தான் முதலில் வாசிக்கிறாள். நான் கேட்பதில்லை, அவளே சொல்கிறாள்.

பின்வளவில் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. எப்படிக் கட்டுகிறோம் என்று கேளாதே. உன் மச்சான் முறிந்த முதுகோடு கல் சுமக்கிறார், றமீஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து சீமெந்து குழைக்கிறான். போகிற வருகிற சனமெல்லாம் வேலியால் எட்டிப் பார்த்து, "ஆருக்குகா கட்டுற?" என்று கேட்கிறது. "மூத்தவளுக்கு" என்கிறேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு பார்வை வரும் தம்பி. பாவம், இவளுக்கு விளங்கவில்லை என்கிற பார்வை. எனக்கு அந்தப் பார்வை தெரியும். போன வருசம் அதே கண்ணால்தான் நான் பெற்ற பிள்ளையைப் பார்த்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அவள் மன்னித்தாளா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டால் சுருக்காக முடியும் என்கிறார் உன் மச்சான். நானும் அதையே சொன்னேன். ஸப்னா ஒரே பிடியாக ஓடுதான் வேண்டும் என்கிறாள். சீற் பத்துப் பதினைந்து வருசத்தில் வெடித்துவிடுமாம், அப்போது இந்தக் காலோடு தான் ஆரைத் தேடிப்போய்க் கூரை மாற்றுவது என்று கேட்கிறாள். ஓடுதான் போடுகிறோம்.

ராத்தா றபீக்கா